ஹீற்றர் மாமியின் பூக்கன்றுகள்

எங்களோடு ஒரே காலத்தில் இந்த ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் இப்போது முழங்கால் வலி. பிறந்தநாள் கொண்டாட்டம் என்று கூப்பிட்டால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நாற்காலி எங்கே கிடக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறோம். பிறகு பிரஷர் குளிசை, சீனிக் குளிசை, யாருக்கு எந்த டொக்டர் என்று ஒரு சுற்றுக் கதைக்கிறோம். அதுவும் ஓய்ந்த பிறகு பழைய கதைகள் வரும். பழைய கதை என்று யாராவது வாயைத் திறந்தால் என் அம்மாவின் கதை வராமல் போனதே இல்லை.

ஹீற்றர் மாமி என்று நீங்கள் கூப்பிடுவது என் அம்மாவைத்தான். குளிருக்குப் பயந்து பூக்கன்றுக்கு ஹீற்றர் போட்ட மாமி. தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்லும் உங்கள் பிள்ளைகள்கூட அந்தப் பெயரை மட்டும் பிழையில்லாமல் சொல்கிறார்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை. நானும் அந்தக் கதையைச் சொல்லிச் சபையைச் சிரிக்கவைத்தவள்தான். ஆனால் போன குளிர்காலத்துக்குப் பிறகு எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. சரியாகச் சொன்னால், களைத்துவிட்டேன். அந்தக் காலத்தை நான் கண்டபடி ஒருமுறை எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி. ஒரு அறை, ஒரு குசினி, குளிர்காலம் முழுக்க வியர்க்கும் சுவர்கள். காலையில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்து கட்டைகளில் தேங்கி நிற்கும். அதை அப்பாவின் பழைய சாரத்தால் துடைத்துப் பிழிவது என் வேலை. அந்தச் சாரத்தின் புளித்த மணம் இப்போதும் சில நாள் மூக்கில் வந்து போகும். வீட்டுக்காரர் விட்டுப்போன ஹீற்றர் ஒன்று மூலையில் கிடந்தது. இரண்டு கம்பிகள் சிவக்கிற பழைய சாதி. கரண்ட் பில்லுக்குப் பயந்து அம்மா அதைப் போட விடமாட்டார். குளிருது என்று சிணுங்கினால், "ரெண்டு ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள்ள கிட பிள்ளை" என்பார். அத்தோடு கதை முடிந்தது.

அப்பா ஊரில் விவசாயப் போதனாசிரியர். மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் வெங்காயத்துக்கு எந்த மருந்து, மிளகாய் இலை ஏன் சுருள்கிறது என்று சொல்லிக்கொடுத்தவர். அவர் வரப்பில் இறங்கினால் கமக்காரர்கள் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு "ஐயா" என்பார்களாம். இங்கே அவருக்குக் கிடைத்தது சுப்பர்மார்க்கற் வாசலில் தள்ளுவண்டி பொறுக்குகிற வேலை. சனம் கார்களுக்குப் பக்கத்தில் விட்டுப்போகிற வண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மழையிலும் மஞ்சள் அங்கியோடு நீளமாகத் தள்ளிக்கொண்டு வருவார். அந்த வேலையில் அவருக்கு வெட்கம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்கத் தாரிலேயே நின்றுவிட்டு வருவதுதான் அவருக்குப் பெரிய துக்கம். வேலை முடிந்து வந்து பின்வளவு மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்ப்பார். ஏதாவது மண்ணோடு சேர்ந்த வேலை, அது கிடைத்தால் போதும் என்பதுதான் அந்த வருடம் முழுக்க அவர் வாயில் இருந்த பேச்சு.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு, எப்சம் போகிற பஸ் பாதையில் இருந்த நர்சரி ஒன்றுக்குப் போனார். பூக்கன்று விற்கிற இடம். வாசலில் ஆள் தேவை என்று ஒரு பலகை தொங்கியது. முதலாளி பெரிய ஆள், கட்டைக் காற்சட்டை, அந்தக் குளிரிலும் வெறுங்கால். அப்பா தன் படிப்பையும் வேலையையும் பற்றிச் சொல்ல, அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு பின்பக்கத்து மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தட்டைக் காட்டினார்.

அந்தத் தட்டில் பத்துப் பன்னிரண்டு சின்னச் சாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் இலைகள், வட்டமாக, தரையோடு ஒட்டிக்கொண்டு. இலை விளிம்பு முழுக்க அரிவாள் பல்லுப் போலச் சின்னச் சின்ன வெட்டு, அதில் வெள்ளையாக மாப் படிந்திருந்தது. விரலால் தொட்டேன், மா ஒட்டியது. உயர்ந்த மலைகளில் பாறை இடுக்கில் வளர்கிற பிரிம்ரோஸ், அதிலும் குள்ளச் சாதி என்றார் முதலாளி. கல்லுத் தோட்டம் வைக்கிற ஆட்கள் ஆசைப்படுவார்கள், ஆனால் ஒக்லாந்தில் இதைப் பூக்கவைப்பது லேசான காரியம் இல்லை என்றார். அப்பா அந்தத் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. தான் பூக்கவைத்துக் காட்டுவதாகச் சொன்னார். முதலாளி சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். வசந்தத்தில் பூத்தால் கொண்டுவந்து காட்டுங்கள், பார்க்கலாம் என்றார்.

பஸ்ஸில் அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழையும்போதே குரல் மாறிவிட்டது.

"இஞ்சேரும், வேலை கிடைச்ச மாதிரித்தான்."

அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "வேலை தாறன் எண்டு சொன்னவரோ?"

"வாயாலை சொல்ல வேணுமே? சும்மா ஒருத்தன் வந்தவன்ர கையிலை கண்டைத் தூக்கிக் குடுத்துவிடுவானோ? என்னைச் சோதிக்கிறான். பூத்துதோ, வேலை எனக்கு."

எங்கள் அப்பாமார் எல்லோரின் காதிலும் அப்படித்தான் விழுந்தது, இல்லையா? ஊரில் ஒரு முதலாளி, வந்த ஆளின் கையில் ஒரு பொருளைக் கொடுத்துப் பிறகு வா பார்க்கலாம் என்றால் அது வாக்கு. யாரும் அதை எழுதிக் கேட்பதில்லை. அம்மாவும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு பாயாசம் காய்ச்சினார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் அந்தத் தட்டைச் சுற்றித்தான். அப்பா நூலகத்தில் இருந்து மலைச்செடிகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்துக்கொண்டு படித்தார். "இது பனிக்குள்ள கிடந்து பழகின சாதி. குளிர்தான் இதுக்குச் சோறு. இதின்ர எதிரி ஈரம்" என்று எங்களுக்கு வகுப்பெடுத்தார். வளவின் எல்லையில் எரிமலைக் கல்லால் அடுக்கிய மதில் ஒன்று இருந்தது. செங்கல் நிறம், ஓட்டை ஓட்டையான கல். அதில் உதிர்ந்து கிடந்தவற்றைப் பொறுக்கிச் சுத்தியலால் உடைத்தார். உடைத்ததை அரிக்க வேண்டுமே? குசினிக்குள் போய் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த மா அரிக்கிற அரிதட்டை எடுத்துவிட்டார்.

அன்றைக்கு நடந்த சண்டை முன்வீட்டுக்கும் கேட்டிருக்கும். "நாளைக்குப் புட்டுக்குப் பதிலாக் கல்லைத்தான் தின்னப்போறியள்" என்று அம்மா கத்தினார். சொன்னபடியே ஒரு கிழமைக்குப் புட்டில் சிவப்புத் தூள் நறநறத்தது. அப்பா முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் சாப்பிட்டார். அந்த அரிதட்டும் பிறகு எங்கேயோ தொலைந்துபோனது. எத்தனை வீடு மாறினோம், எதைத்தான் வைத்திருந்தோம்.

கல்தூளில் கன்றுகளை மாற்றி வைத்து, தட்டை மதில் மேல் வைத்தார். மழை படாமல் இருக்க, பழைய யன்னல் கண்ணாடி ஒன்றை நாலு செங்கல்லில் நிறுத்தி மேலே மூடினார். பக்கங்கள் திறந்தபடி. குளிர்காற்று போய்வர வேண்டும், மழைத்துளி மட்டும் விழக் கூடாது. ஒக்லாந்து மழை உங்களுக்குத் தெரியும், மேலேயிருந்து மட்டும் பெய்யாது. காற்று மாறுகிற நேரமெல்லாம் அப்பா ஓடிப்போய்க் கண்ணாடியைச் சரித்துவைப்பார். அவருடைய சிநேகிதர் ஒருவர் அடிக்கடி வருவார், எங்களுக்கு மாமா. எங்கள் ஆட்களில் முதலில் கார் வாங்கியவர், வாயும் பெரிசு. "பிள்ளையளுக்குக் குடை இல்லை, கண்டுக்குக் குடை பிடிக்கிறான் பார்" என்று அவர் கேலி செய்ய, அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

அப்பா அப்படிச் சிரித்த குளிர்காலம் அது ஒன்றுதான். வண்டி தள்ளிவிட்டு வந்து, மஞ்சள் அங்கியைக் கழற்றாமலே மதிலடிக்குப் போய்க் குனிந்து நிற்பார். குளிர்காலம் முடிகிற ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் என்னைக் கூவிக் கூப்பிட்டார். இலை வட்டத்தின் நடுவில் மிளகளவு மொட்டுகள், நுனியில் ஊதாப் பொட்டு. மூன்று சாடிகளில் இருந்தன. இரண்டொரு நாளில் எல்லாவற்றிலும் வந்துவிட்டன. அப்பா அம்மாவையும் கூட்டிவந்து காட்டினார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நின்று பார்த்தார். "வடிவாய்த்தான் கிடக்கு" என்றார். அப்பா நர்சரி வேலைக்குப் போட்டுக்கொண்டு போவதற்கென்று அம்மா அன்றைக்கே ஒரு சேட்டை எடுத்து இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டார்.

அம்மா அப்போது எப்சத்தில் இரண்டு மூன்று வீடுகள் துப்புரவாக்கப் போய்வந்தார். மொட்டு வந்து கொஞ்ச நாளில் ஒரு மாலை, வழக்கமான பஸ்ஸில் அவர் வரவில்லை. நானும் தம்பியும் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டுகிற நேரம் நடந்து வந்தார். சப்பாத்தெல்லாம் நனைந்திருந்தது. பஸ் தவறிவிட்டது என்றார். சமைக்கவில்லை. பாணும் பட்டரும் வைத்துத் தந்தார். அப்பா வந்து மொட்டுகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியதும் எழும்பிப் போய்க் கோப்பை கழுவினார். எனக்கு அது நினைவில் நின்றது பாணுக்காகத்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் கிடைப்பது எங்களுக்குப் புதினம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா மாமாவின் காரில் வெலிங்டனுக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். ஞாயிறு பின்னேரம்தான் திரும்புவார். காரில் ஏறும்போதும் திரும்பித் திரும்பிச் சொன்னார்: "தட்டைத் தொட வேண்டாம். மழை சரிச்சு அடிச்சால் கண்ணாடியை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிவிடும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஓம், ஓம். நீங்கள் போட்டு வாங்கோ" என்றார் அம்மா.

கார் போய்க் கொஞ்ச நேரத்தில் அம்மா தட்டைத் தூக்கிவந்து அறைக்குள் வைத்தார். ஹீற்றரை இழுத்து அதன் முன்னால் வைத்து இரண்டு கம்பியையும் போட்டார். எனக்கு நம்ப முடியவில்லை. எங்களுக்கு ஒருநாளும் போடாத ஹீற்றர். "பாவம், கண்டுகளுக்குக் குளிருது" என்றார். நானும் தம்பியும் ஸ்வெற்றர்களைக் கழற்றி எறிந்துவிட்டு அதன் முன்னாலேயே கிடந்தோம். யன்னல் கண்ணாடி அந்த இரண்டு நாளும் காய்ந்திருந்தது. அந்த வீட்டில் நான் சூடாகப் படுத்த ஒரே வார இறுதி அதுதான், அந்தச் சந்தோசத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். அம்மா இடைக்கிடை வந்து, சோறு வடித்த கஞ்சியைக் கன்றுகளின் தலைக்கு மேலே ஊற்றினார். ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தங்கள் தோட்டத்தில் மிளகாய் நாற்றுப் போட்டு, அதற்குக் கையால் தண்ணீர் தெளித்து வளர்ந்த பெண் அவர். எங்கே ஊற்றக் கூடாது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிறு பின்னேரம் அப்பா வந்தார். பின்னாலே மாமாவும் தேத்தண்ணீர் குடிக்க வந்தார். மதிலில் தட்டு இல்லாததைக் கண்டு அப்பா ஓடிவந்தார். இலைகள் அவித்த கீரை மாதிரித் தட்டில் சரிந்து கிடந்தன. மொட்டுகள் கறுத்திருந்தன. அறைக்குள் கஞ்சி புளித்த மணம்.

"உமக்கு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லிப்போட்டெல்லே போனனான்?"

"குளிருதெண்டு நினைச்சன்" என்றார் அம்மா.

"குளிருதெண்டு! கண்டு வந்து உம்மட்டைச் சொன்னதோ?" அப்பா கறுத்த மொட்டொன்றைத் தொட்டுப் பார்த்தார். "என்ர வேலையையெல்லே நாசமாக்கிப்போட்டீர்."

அம்மா குனிந்து ஹீற்றரை நிறுத்தினார். மாமாவால் அடக்க முடியவில்லை. "அக்கா, ஒரு ஸ்வெற்றரும் பின்னிப் போட்டிருக்கலாமே" என்று வெடித்துச் சிரித்தார். அப்பா எழும்பி வெளியே போய் மதிலில் உட்கார்ந்தார். எனக்கு அம்மாமேல் பொல்லாத கோபம். நாட்டுப்புறம் என்று மனதுக்குள் திட்டினேன்.

அப்பா அந்த நர்சரிக்குப் பிறகு போகவே இல்லை. எந்த முகத்தோடு போவது என்றார். ஒரு மாதம் அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு வண்டி தள்ளுகிற வேலையை விட்டுக் காவல் வேலை, அதன் பிறகு பஸ் ஓட்டுகிற வேலை. மாமா அந்தக் கதையை எங்கள் ஆட்கள் இருந்த லின்ஃபீல்ட் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த பொங்கலுக்குள் அம்மாவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. கொஞ்ச வருடத்தில் அப்பாவே கதையைச் சொல்லத் தொடங்கினார், மாமாவைவிட நன்றாக. கல்லை அரித்தது, கண்ணாடி போட்டது, ஊதா மொட்டு வந்தது எல்லாம் ஒழுங்காகச் சொல்லி, கடைசியில் அம்மாவைக் காட்டி, "இவ மட்டும் அண்டைக்கு ஹீற்றர் போடாட்டி இண்டைக்கு நான் நர்சரி முதலாளி" என்பார். சபை சிரிக்கும். அம்மாவும் சிரிப்பார். அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோதும், போர்வையை இழுத்துவிட்ட தாதியிடம் அதே கதையை இங்கிலிஷில் சொன்னார். அவர் போய் ஐந்தாறு வருடமாகிறது.

அம்மா இப்போது லின்ஃபீல்டில் என்னோடு இருக்கிறார். போன குளிர்காலத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டில் உங்களில் ஒருவர் அந்தக் கதையை எடுத்தீர்கள். யார் என்று சொல்லப்போவதில்லை. உங்கள் பேரன் ஒருவன் அம்மாவின் மடியில் ஒரு பூச்சாடியைக் கொண்டுவந்து வைத்து, ஹீற்றர் வேண்டுமா என்று கேட்டான். வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் குளிசை எடுத்துக் கொடுக்கும்போது கேட்டேன்.

"உங்களுக்கு இது அலுக்கயில்லையோ அம்மா? ஒரு பிழைக்கு எத்தினை வருசமாய்ச் சிரிக்கினம்."

அவர் குளிசையை விழுங்கித் தண்ணீரையும் குடித்து முடித்தார். "பிழையாச் செய்தால்தானே அலுக்கும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மா அவசரப்படாமல் சொன்னார்.

"மொட்டு வந்த கிழமை, வேலை முடிஞ்சு வரேக்கை அந்த நர்சரியிலை இறங்கினனான் பிள்ளை. அப்பா வேலை செய்யப்போற இடமெண்டு பாக்க ஆசை. வாசல் பலகையைக் காணேல்லை. புதுப் பொடியன் ஒருத்தன் பச்சை ஏப்ரனோடை மண்மூட்டை காவிக்கொண்டு நிண்டான். முதலாளியிட்டை அப்பான்ர வேலையைப் பற்றி எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷிலை கேட்டன். அந்த மனிசன் முழிச்சுது. வேலை எண்டு நான் ஒண்டும் சொல்லயில்லையே, அந்தக் கண்டு இஞ்சத்தை வெயிலுக்கு நிக்காது, எறிய வைச்சிருந்தனான், உம்மட மனிசன் ஆசைப்பட்டார், குடுத்துவிட்டனான் எண்டார். நல்ல மனிசன்தான். தேத்தண்ணி தரட்டோ எண்டும் கேட்டவர்."

"அப்ப அதை அப்பாட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? அந்தத் தட்டைக் காவிக்கொண்டு திரிஞ்ச ஆளட்டை, அது எறியிற சாமான் எண்டு சொல்லட்டோ? சொல்லாமல் விட்டால், பூத்த உடனை அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலை போய் அந்தப் பொடியனுக்கு முன்னாலை நிக்கப்போறார். ஐயா எண்டு கூப்பிட்டுப் பழகின மனிசன் அவர். நான் செய்த பிழையெண்டால் என்னோடை கோவிச்சுப்போட்டு எழும்பியிடுவார். அங்கை போய் அவமானப்பட்டால் எழும்பமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அதைவிடக் கூட ஆத்திரம் வந்தது, யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

"அப்பா போனாப் பிறகாவது சொல்லியிருக்கலாமே அம்மா. ஏன் நீங்கள் இன்னும்..."

"அவர் நல்லாய் வளத்தவர் எண்டுதானே சனம் சொல்லுது. அது உண்மைதானே. அதைக் கெடுக்கிறதே?" என்றார் அம்மா. பிறகு லைற்றை அணைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகும் ஒரு கொண்டாட்டத்தில் அந்தக் கதை வந்தது. சொன்னவர், மாமி சுடுதண்ணீரை ஊற்றினார் என்று மாற்றிச் சொன்னார். அம்மா நாற்காலியில் இருந்தபடியே கையைக் காட்டி நிறுத்தினார். "சுடுதண்ணி இல்லை மோனை, கஞ்சித் தண்ணி" என்றார். மண்டபமே சிரித்தது. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டேன்.

அம்மாவுக்கு இப்போது எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு அவரிடம் போய்க் கையைப் பிடித்து எதையும் கேட்டுவிடாதீர்கள். அடுத்த முறை யாராவது கதையை எடுத்தால் வழக்கம்போலச் சிரியுங்கள். அப்பா அந்தக் கன்றுகளை எவ்வளவு அருமையாக வளர்த்தார் என்பதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். அந்த இடம் வரும்போதுதான் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.